பில்லிப் பொடியும் மூன்று கிலோவும்

இதனால் சகலமான பொதுமக்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: திருத்தணி மலைக்குப் போகிற சாலையிலிருந்து மூன்றாவது தெருவில் வசிப்பவரும், ஆறு விசைத்தறிகளுக்கு அதிபதியும், விசைத்தறியாளர் நலச் சங்கத்தின் முன்னாள் துணைச் செயலாளருமான கோதண்டபாணி அவர்களின் ஒரே மகள் அனிதாவுக்குப் பால் போதவில்லை.

தண்டோரா போட ஆள் வைக்கவில்லை. அனிதாவின் அம்மா கன்னியம்மாள் குழாயடியில் ஒரு தடவை சொன்னாள், அது போதுமாயிருந்தது.

அனிதா முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். பெண் குழந்தை, பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. பத்தாம் நாள் கோதண்டபாணிக்கு ஒரு ஞானம் பிறந்தது.

"எதையும் கண்ணால பாத்து சொல்லக் கூடாது. நிறுத்துப் பாத்து சொல்லணும்" என்றார். சங்கத்தில் அவர் பேசிய கடைசிக் கூட்டத்திலும் இதையேதான் சொன்னார்.

பேத்தியைத் தறிக்கொட்டகைக்குத் தூக்கிப்போய், நூல் நிறுக்கிற வட்டமுகத் தராசின் தட்டில் கிடத்தினார். அந்தத் தராசின் முள்ளைத் தொழிலுக்குத் தோதாக அவரே திருகி வைத்திருந்தார். வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. முள் ஆடி அடங்கியது. இரண்டு கிலோ எழுநூறு.

"இருநூறு கிராம் இளைச்சிருக்குது" என்று தீர்ப்பு வந்தது.

அன்றிலிருந்து அனிதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனது. குழந்தை பால் குடிக்கையில் விழுங்குகிற சத்தம் 'க்க், க்க்' என்று கேட்கிறது, கடைவாயில் வழிகிறது, குடித்து முடித்ததும் கை தளர்ந்து தூங்குகிறது. ஆனால் முள் வேறு சொல்கிறதே. பக்கத்துக் கொட்டகையில் ஆறு தறியும் 'போதல, போதல' என்று அடிப்பதாகத்தான் அவள் காதில் விழுந்தது.

கோதண்டபாணி சங்கத்து லெட்டர் பேடில் ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். காலை ஆறு மணிக்கு வெந்தயக் கஷாயம், பொறுப்பு கன்னியம்மாள். பத்து மணிக்கு சோம்பு டீ, பொறுப்பு புவனா. அவள் அடுத்த வீட்டுச் சித்தி, வைத்தியம் முழுவதையும் செல்போனில் பார்த்துத் தேர்ந்தவள். மூன்று மணிக்கு சீரகமும் சதகுப்பையும் கொதிக்கவைத்த தண்ணீர், மேற்பார்வை கோதண்டபாணி. ஆறு மணிக்கு மறுபடி வெந்தயம். கீழே கையெழுத்து, தேதி. முத்திரை குத்த ரப்பர் ஸ்டாம்பையும் தேடினார். அதைச் சங்கத்தில் எப்போதோ திருப்பி வாங்கிவிட்டார்கள்.

குழந்தையை மார்போடு அணைத்தாளோ இல்லையோ, டம்ளர் வந்து நிற்கும்.

"ஆறிப்போச்சுன்னா வேலை செய்யாதுடி. குழந்தையை என்கிட்ட குடுத்துட்டு முதல்ல குடி" என்பாள் புவனா.

"சித்தி, இது குடிச்சிகினு இருக்குது."

"இன்னா குடிக்குது? இருந்தாத்தானே குடிக்கும்?"

குழந்தை அழும். பால் வருவதற்காகப் பால் குடிப்பது நிறுத்தப்படும். அனிதாவின் வியர்வையிலேயே வெந்தயம் மணத்தது. நான்கு டம்ளரும் உள்ளே போய் வேறொரு வழியாக வெளியேறத் துடித்ததில், பாதிப் பொழுது கொல்லைக்கும் கூடத்துக்கும் நடையாக நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோதண்டபாணியின் இறுதி எச்சரிக்கை வந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு கிலோ ஆகணும். இல்லைன்னா டப்பாப் பால். அப்புறம் பேச்சே கிடையாது."

டப்பாவையும் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார்கள். அதில் அச்சிட்டிருந்த கொழுகொழு குழந்தை அனிதா எங்கே நகர்ந்தாலும் அவளைப் பார்த்தே சிரித்தது. அதன் முகத்தை அவள் சுவர்ப்பக்கம் திருப்புவாள்; கன்னியம்மாள் மறுபடி நேராக வைப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை எடை: இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

"பத்தொம்பது நாளு குடிச்சும் பொறந்த எடையிலயே நிக்குது" என்றார் கோதண்டபாணி, வருத்தத்தைவிடத் தன் கணக்கு சரியாயிருந்த திருப்தி கூடுதலாக. கன்னியம்மாள் டப்பாப் பாலுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்தாள். அனிதா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே தறி தறியாகச் சுற்றிவந்தாள்.

அந்த நேரத்தில்தான் அவள் புருஷன் விஜயன் ஆந்திரப் பக்கத்து நகரியிலிருந்து வந்தான். கையில் சீல் பிரிக்காத ஒரு பொட்டலம், காதில் போன். போனில் அவன் அம்மா பிரபாவதி. ஸ்பீக்கரில் போட்டான்.

"வதினா, பில்லி தீகலு பொடி அனுப்பி இருக்கேன். பால்ல கலந்து குடுங்க, நல்லா சுரக்கும்."

கன்னியம்மாள் திருவாலங்காட்டுக்காரி, தெலுங்கு அரைகுறை. அவள் காதில் முதல் சொல் மட்டுமே விழுந்தது.

"பில்லியா? ஏங்க, சம்பந்தியம்மா பில்லி அனுப்பி இருக்காங்க. எங்களுக்கு இன்னாத்துக்கு சூனியம் வைக்கறீங்க, நாங்க இன்னா கொறை வெச்சோம்?"

"தெலுங்குல பில்லின்னா பூனைடி" என்றார் கோதண்டபாணி, மொழிபெயர்ப்பாளரின் கம்பீரத்தோடு.

"பூனையா? புள்ள பெத்தவளுக்குப் பூனையை அரைச்சு அனுப்புவாங்களா?"

"அது கொடியோட பேரு அத்தை" என்று விஜயன் குறுக்கே வந்தான். "தமிழ்ல தண்ணீர்விட்டான் கிழங்கு."

"தண்ணி விட்டா பால் எப்படிடா கெட்டியா வரும்?" என்றாள் புவனா. எதிர்முனையில் பிரபாவதி நடந்தது புரியாமல், "வெல்லம் சேத்துக்கோங்க" என்றாள். விஜயன் போனை வைத்துவிட்டான்.

அனிதா பல்லைக் கடித்துக்கொண்டு புருஷனிடம் கேட்டாள்: "பாவா, ஆஸ்பத்திரில ஒரு தடவை நிறுத்துப் பாக்கலாமா?"

"எதுக்கு? இங்க தராசு இல்லையா?" என்று கோதண்டபாணி முந்திக்கொண்டார். தராசின் மகிமையை மருமகனுக்கு நிரூபித்தே ஆகவேண்டும். பொட்டலத்தைப் பிடுங்கித் தட்டில் வைத்தார். முள்ளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்துக்கோ மாப்ள. அரைக் கிலோன்னு மேல போட்டிருக்கான். முந்நூறுதான் இருக்குது. உங்க ஊரு கடைக்காரன் லட்சணம்."

"சீலே பிரிக்கல மாமா."

"சீலுக்குள்ளயே திருடி இருக்கான்."

அனிதாவின் நடை நின்றது. ஒன்பது நாளில் முதல் தடவையாக அவள் கால் ஆடவில்லை. இந்தக் கொட்டகையில் பத்து வயதிலிருந்து தார்க்குச்சியில் நூல் சுற்றியவள் அவள். நூலை எதில் போட்டு நிறுப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நைனா, கூடை எங்க?"

"எந்தக் கூடை?"

"நூல் கூடை. அந்த நீலக் கூடை எத்தினி கிராம்?"

"இருநூறு. அதுக்குத்தானே கூடை கனம் கழியட்டும்னு முள்ளைப் பின்னால திருகி..." என்று ஆரம்பித்த கோதண்டபாணி, வாக்கியத்தின் பாதியிலேயே நின்றுகொண்டார்.

விஜயன்தான் திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினான். அனிதா குழந்தையைக் கிடத்தினாள். மூன்று கிலோ நூறு.

கன்னியம்மாள் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு தொடங்கியது.

"ஆறு மணிக்கு எழுந்து வெந்தயம் வெச்சது நானு. சும்மாவா?"

"சோம்பு குடுத்த அன்னியிலிருந்துதான் கன்னம் உப்புச்சுது அக்கா, நான் சொன்னேனா இல்லையா?"

"முறையா அட்டவணை போட்டு குடுத்தா எதுவும் நடக்கும்" என்றார் கோதண்டபாணி, தராசுக்கு முதுகைக் காட்டி நின்றபடி.

விஜயனின் போன் மறுபடி அடித்தது. விஷயத்தைக் கேட்ட பிரபாவதி, பொடி வாசல் ஏறியதுமே குழந்தைக்கு எடை ஏறிவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள்.

அனிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

பால் ஆரம்பத்திலிருந்தே போதுமாக இருந்தது.