மீன் பார்க்கிற கண்ணாடி

“தலையைக் கொஞ்சம் குனிடா” என்றாள் அக்கா. மடக்கு நாற்காலிக்குப் பின்னால் நின்று, தம்பியின் புதுக் கண்ணாடியில் கோத்திருந்த கயிற்றை அவன் பிடரியில் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு இழுத்தாலும் கயிறு தொளதொளவென்றே நின்றது. கழுத்து அவ்வளவு இளைத்துவிட்டிருந்தது.

“போதும்கா. கழுத்தை நெரிச்சே அனுப்பிடுவ போலிருக்கே.”

“நெரிச்சாலும் நீ போகமாட்ட. வாயைப் பாரு.”

காலை பத்து மணி. நீர்த்தேக்கத்தின் கரையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. வெயில் தண்ணீரில் விழுந்து தகரம் போல மின்னியது. அக்காவால் கண்ணைச் சுருக்காமல் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. தம்பி தலையை நிமிர்த்தித் தண்ணீரைப் பார்த்தான். பிறகு, “அடேயப்பா” என்றான், யாரோ வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது போல.

அவன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருடம் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் டார்ச்சைக் கவ்விக்கொண்டு தொங்கியவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவான். மனைவி இருந்தவரை அவளிடம் திட்டு வாங்கினான். அவள் போன பிறகு, கூட வந்து தங்கிய அக்காவிடம் வாங்கினான். பவர் கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்குத் தன் கையே தெரியாது. கடையில் தொங்கும் கறுப்புக் கண்ணாடியில் பவர் கிடையாது. பவர் கண்ணாடியைப் போட்டால் தண்ணீரின் மினுமினுப்பு கண்ணைக் குத்தும். அதனால் இத்தனை வருடமும் மீன் எங்கே இருக்கிறது என்று ஊகித்துத்தான் தூண்டில் போட்டிருந்தான்.

போன மாதம் டாக்டர் அவனுடைய ஒன்பது மாத்திரைகளை நாலாகக் குறைத்தார். “பாத்தியாக்கா, பாதிக்குப் பாதி குறைச்சுட்டாரு” என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அக்கா முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சீட்டை வாங்கி நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வரும் வழியில் அவன், “கண்ணாடிக் கடையில ஒரு நிமிஷம் நிறுத்து” என்றான்.

ஒரு நிமிஷம் என்றது ஒரு மணி நேரம் ஆனது.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்கில் ஒன்றும் உச்சந்தலையில் ஒன்றுமாக இரண்டு கண்ணாடி வைத்திருந்தாள். அவளிடம் தம்பி, “எனக்குத் தண்ணிக்குள்ள பாக்கணும்” என்றான். அவள் அதில் ஆச்சரியமே படவில்லை. இரண்டு லென்ஸை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மேலே இருந்ததை மெதுவாகத் திருப்பினாள். இரண்டும் சேர்ந்து கும்மிருட்டாகின. “போலரைஸ்டு சார். சாதா கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இது தண்ணி மேல பட்டுத் தெறிக்கிற பளபளப்பை மட்டும் வெட்டிடும். உங்க பவர்லயே போட்டுத் தரலாம்.”

சாம்பல் நிறமா பழுப்பு நிறமா என்று அடுத்த கேள்வி. நடுக்கடல் வெயிலுக்குச் சாம்பல், கரையோரத்துக் கலங்கல் தண்ணீருக்குப் பழுப்பு என்றாள் அவள். அவன் நம்பவில்லை. பழைய கண்ணாடிக்கு மேல் மாதிரி லென்ஸை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய் நின்றான். எதிரே நின்ற காரின் முன்கண்ணாடியை உற்றுப் பார்த்தான். உள்ளே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த ஆள் பதறிப்போய்க் கையைக் கீழே போட்டான். “பழுப்புதான்” என்று திரும்பி வந்தான் தம்பி. “அந்தாள் சட்டைப் பட்டன் வரைக்கும் தெரியுது.”

அப்புறம் ஃப்ரேம். சைக்கிள் பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி முகத்தைச் சுற்றி வளைந்த ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, எப்படி என்பது போல அக்காவைப் பார்த்தான். கடைக்காரம்மா அதைக் கழற்றிவிட்டாள். இவ்வளவு பவரை வளைவான ஃப்ரேமில் போட்டால் ஓரத்தில் எல்லாம் நெளியும், தலை சுற்றும் என்றாள். காதுப் பக்கம் பட்டையாக, பக்கத்து வெளிச்சத்தை அடைக்கிற மாதிரி வேறொன்றைக் காட்டினாள். கொக்கியில் நூல் கட்டக் கிட்டத்திலும் தெரிய வேண்டுமே என்று அவன் கேட்டான். ஒரே லென்ஸில் இரண்டு பவர் போடலாம், அவற்றைப் பிரிக்கிற கோட்டை ரொம்பக் கீழே வைக்கலாம், தண்ணீரைப் பார்க்கும்போது குறுக்கே வராது என்று அவள் தாளில் வரைந்து காட்டினாள்.

அக்கா மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. எத்தனை நாளைக்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், தன் வாயிலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. தம்பி முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று, இருந்த நாலு முடியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

“பன்னெண்டு நாள் ஆகும் சார். லென்ஸ் வெளியூர்லேர்ந்து வரணும்.”

“அவசரமே இல்லை” என்றான் அவன்.

அவனைக் காரில் உட்கார வைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று அக்கா மறுபடி உள்ளே போனாள். “கொஞ்சம் சீக்கிரமா முடியுமாம்மா?”

“எங்கேயாவது ஊருக்குப் போறாரா?”

கடைக்காரம்மா அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மேஜைமேல் இருந்த போனை எடுத்தாள். அஞ்சாம் நாள் அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கேட்டு, ஃப்ரேமின் முனைகளை அதில் முக்கி இளக்கி, அவன் காதுக்குப் பின்னால் சரியாகப் படியும் வரை வளைத்து வளைத்துப் பார்த்தாள். டீ கூடக் குடிக்கவில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. நுரையீரலில் நீர் சேர்கிறது, திங்கட்கிழமை அட்மிட் ஆகிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூரத்து ஊரில் வேலையில் இருந்த தம்பி மகன் புதன்கிழமை விமானத்தில் வருவதாக இருந்தது. போனில் அவன், “அத்தை, நான் வர்ற வரைக்கும் அப்பாவை எங்கேயும் வெளியில கூட்டிட்டுப் போகாதீங்க, ப்ளீஸ்” என்றான். “சரிடா” என்றாள் அத்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, புதுக் கண்ணாடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளே கார் சாவியை எடுத்தாள்.

இப்போது அவன் தூண்டிலைப் பிரிக்காமலேயே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போடலையாடா?”

“இரு. முதல்ல பாத்துக்கறேன்.” கையை நீட்டினான். “உனக்கு என்ன தெரியுது அங்க?”

“ஒண்ணும் தெரியலை. கண்ணு கூசுது.”

“அங்க மூணு படி இறங்குதுக்கா. கருங்கல் படி. எவனோ ஒரு வாளியைத் தொலைச்சிருக்கான், அதுக்குள்ள பாசி மொளைச்சிருக்கு. வலது பக்கம் ஒரு பெரிய கல்லு. முப்பது வருஷமா நான் அதுக்கு இந்தப் பக்கமே போட்டிருக்கேன். கெண்டைங்க எல்லாம் அந்தப் பக்கம் நிக்குதுங்க. என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கும்.”

“மெக்கானிக்குன்னு தெரியாதுல்ல அதுங்களுக்கு. தெரிஞ்சா மரியாதையா வந்து மாட்டியிருக்கும்.”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. லென்ஸின் கோட்டுக்குக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்துக் கொக்கியில் தானே நூல் கட்டினான். முடிச்சு சரியாக விழுந்தது. தூண்டிலைக் கல்லுக்கு அந்தப் பக்கமாக வீசினான்.

“ஒம்போது மாத்திரை நாலானது எதுக்குன்னு எனக்கும் தெரியும்கா.”

அக்கா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். “எப்பலேர்ந்து?”

“சீட்டை மடிச்சுப் பைக்குள்ள போட்டியே, அப்பவே. நல்ல சேதியா இருந்தா நீ அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருப்ப.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் அந்தம்மா உயிரை ஒரு மணி நேரம் வாங்கினியா?”

“ஒரு நாள் பாத்தாலும் சரியாத் தெரியணும்ல. மங்கலாப் பாக்கறதுக்கு வீட்டுலேயே இருந்துடலாம்.”

அவள் மூடியில் டீயை ஊற்றிக் கொடுத்தாள். அவன் இரண்டு வாய் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தான். மீதியை அவள் குடித்தாள். காற்று நின்றுபோயிருந்தது.

“அக்கா, அசையாத” என்றான் திடீரென்று, குரலைத் தாழ்த்தி. “ஒண்ணு வெளிய வருது. பெரிசு. வயித்துல மஞ்சள் அடிச்சிருக்கு. இரைகிட்ட வந்து நிக்குது. வாலை மட்டும் ஆட்டுது... திரும்புது...”

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் மேற்கொண்டு சொல்வான் என்று காத்திருந்தாள். மீன் பக்கத்தில் இருக்கும்போது பேசினால் அவனுக்குக் கோபம் வரும். சின்ன வயதில் ஒரு முறை அதற்காக அவள் சடையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அதனால் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத அந்த மினுமினுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு பறவை வந்து கரையோரத்தில் இறங்கி, நடந்து, பறந்து போனது. அவனைத் திரும்பிப் பார்த்தாள். பழுப்புக் கண்ணாடி தண்ணீரை நோக்கியே இருந்தது. திரும்பவும் முன்னால் பார்த்துக்கொண்டாள்.

தூண்டில் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்த சத்தத்தில்தான் எழுந்தாள்.

மறுநாள் மதியம் இரண்டரை மணிக்குத் தம்பி மகன் வந்து சேர்ந்தான். வேறு விமானம் பிடித்து வந்திருந்தான். வாசலில் பையைப் போட்டவன் ஷூவைக் கூடக் கழற்றாமல் நேராக முன்னறைக்குப் போனான். அப்பாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு எடுத்துப்போக வண்டி வருவதாக இருந்தது. அவன் கட்டிலோரம் நின்றான், அப்பாவின் தலையைத் தடவினான், பிறகு அத்தையிடம் திரும்பினான்.

“நான் சொன்னேன்ல அத்தை? ஒரே ஒரு விஷயம்தானே கேட்டேன்?”

“சொன்ன.”

“நீங்க சரின்னீங்க.”

“ஆமா. சரின்னேன்.”

கரையிலிருந்து நேராகக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை எடுத்து வந்து அவனிடம் தந்தாள். கைக்கடிகாரம், பர்ஸ், கண்ணாடி. கயிறு அப்படியே இருந்தது. அவன் கண்ணாடியை எடுத்துத் தானே போட்டுப் பார்த்தான். சுவரையும் ஜன்னலையும் பார்த்தான்.

“எனக்கு எதுவுமே தெரியலை.”

“அவன் பவர்டா அது.”

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “அப்பாவுக்குப் போட்டு விடலாமா?”

“வேணாம். கண்ணை மறைச்சிடும். போற வரைக்கும் முகம் முழுசாத் தெரியட்டும்.”

பக்கத்தில் கிடந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அத்தை எதிரே தரையில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் மீன் வருது, அசையாதன்னான். நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டேன். அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ தெரியலை. பழுப்புக் கண்ணாடிக்குள்ள அவன் கண்ணு தெரியலை. பாத்துக்கிட்டிருக்கான்னு நினைச்சேன். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில இருந்துட்டு, பக்கத்துலயே உக்காந்திருந்தேன்டா.”

பக்கத்து வீட்டில் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“பெரிய மீனா?” என்றான்.

“பெரிசுன்னான். வயித்துல மஞ்சளாம்.”

“நீங்க பேசியிருந்தா அது ஓடியிருக்கும் அத்தை” என்றான் அவன். “உங்களைத் திட்டியிருப்பாரு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் ஒரு கையை நீட்டி அப்பாவின் முழங்கை மேல் வைத்தான். இரண்டு விமானமும் ஒரு பஸ்ஸுமாக இரவெல்லாம் தூங்காமல் வந்தவன். தலை மெல்லச் சாய்ந்தது. ஒரு முறை உலுக்கிக்கொண்டு நிமிர்ந்தான். மறுபடி சாய்ந்தது. அப்படியே தூங்கிப்போனான்.

சுவரில் மணி மூன்றேகால். எழுப்ப இன்னும் நேரமிருந்தது. அத்தை தரையிலேயே நகர்ந்து அவன் காலருகே போனாள். இடது ஷூவின் கயிறு சுலபமாக அவிழ்ந்தது. வலதில் இரட்டை முடிச்சு விழுந்து கெட்டியாக இறுகியிருந்தது. அவன் விழித்துவிடாமல் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்க ஆரம்பித்தாள்.