மாடிப்படி படத்தில் இல்லாத வசனம்

1

நான் விருத்தாசலத்துக்குக் கதை தேடிப் போகவில்லை. பழைய கொலைமர்மப் படங்களைப் பற்றி ஒரு பத்திரிகை சிறப்பிதழ் போடுகிறது. குணச்சித்திர நடிகர் கோதண்டபாணியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. இருந்தார். மகள் துர்காவின் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கொட்டகை நிழலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்து காரியமும் முடிந்திருந்தது. கட்டுரையை இன்றுவரை எழுதவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்ற முடியவில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

"துர்காவின் கணவன் ஆனந்தராஜ் விழுந்து செத்த அன்று மத்தியானம் வானம் திடீரென்று" (வானத்தில் ஆரம்பிக்கும் கதைகளை நானே படிக்க மாட்டேன்.)

"கொலைகாரன் எப்போதும் காபி கொண்டுவருகிறவன்தான்." (இது கட்டுரைக்காக யோசித்து வைத்த வரி. அப்போது சிரித்துக்கொண்டே எழுதினேன். இப்போது அதைச் சத்தமாகப் படிக்க முடியவில்லை.)

2

கோதண்டபாணியின் பெயர் உங்களுக்குத் தெரியாது. முகம் தெரியும். ஜமீன் பங்களா, இடி மின்னல், கறுப்புக் கண்ணாடி போட்ட பெண், சொத்துக்கு அலையும் மருமகன், சட்டென்று அணையும் விளக்கு, ஓர் அலறல். விளக்கு வந்ததும் எல்லோரும் பிணத்தைப் பார்ப்பார்கள். பின்னால் ஒருவர் கூன் போட்டுக்கொண்டு தட்டோடு நிற்பார். அவர்தான். சில படங்களில் குடும்ப டாக்டர், சிலவற்றில் பாட்டு வாத்தியார், பெரும்பாலும் சமையற்காரர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத முகம்.

கடைசி ரீலில் துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக விட்டுவிட்டு, இவர் முன்னால் வந்து நிற்பார். கோதண்டபாணி சிரிக்க மாட்டார், கண்ணை உருட்ட மாட்டார். கூன் மட்டும் மெதுவாக நிமிரும். ஆள் ஒரு சாண் வளர்ந்துவிட்டதுபோல இருக்கும். மதராஸில் அந்த இடத்தில் தியேட்டரே மூச்சு விடாதாம்.

[விருத்தாசலத்தில் மட்டும் இந்த மர்மம் செல்லுபடியாகவில்லை. உள்ளூர்க்காரர் என்ற பெருமையில் போஸ்டரில் கதாநாயகன் பெயருக்கும் மேலே இவர் பெயரைப் போட்டார்கள். இவர் காபித் தட்டோடு முதல் காட்சியில் வந்ததுமே பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "நம்மாளுதான்டா" என்று கத்துவான். கொட்டகையே கைதட்டும். கொலை நடப்பதற்கு முன்பே கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு, டிக்கெட் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்த ஊர் இது.]

படத்தின் பெயரும் இங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. கொன்ற விதம்தான் பெயர். ஊசி படம், கிணத்துப் படம், மாடிப்படி படம்.

3

இப்போது துர்காவிடம் வருகிறேன். நாற்பதைத் தாண்டியவள். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளை மண்ணில் பீங்கான் பொம்மை செய்கிறார்கள். பொம்மைகளுக்குக் கண் எழுதுவதும் சூளையிலிருந்து வெந்த பொம்மைகளை எடுப்பதும் அவள் வேலை. சுடாத பொம்மைகளை மாடியில் பலகையில் அடுக்கிக் காய வைப்பார்கள். பூனை ஏறாமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அவருக்கு இரண்டு வருடமாக மறதி. துர்காவை அம்புஜம் என்பார். அம்புஜவல்லி என்பது செத்துப்போன அவர் மனைவியின் பெயர். சில நாள் அதுவும் இல்லாமல், "நீ யாரும்மா?" என்பார்.

அன்று மத்தியானம் கோடைமழை இருட்டிக்கொண்டு வந்தது. சுடாத பச்சைப் பொம்மையில் நாலு சொட்டு விழுந்தால் போதும், மூக்கும் முழியும் கரைந்துவிடும். மேகம் திரண்டால் தெருவே மாடிக்கு ஓடும். ஆனந்தராஜும் ஓடினான். கைப்பிடி இல்லாத வெளிப்படி. கீழே பட்டறையில் இருந்த துர்காவுக்குத் தடாலென்று சத்தம் கேட்டது.

அவள் முதலில் நினைத்தது பலகை விழுந்துவிட்டது என்றுதான். பொம்மை உடைந்தால் இன்று தனக்கு என்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தாள். வெளியே வந்தாள். அவன் தூக்கிவந்த பலகையிலிருந்து சிதறி உடைந்த பிள்ளையார்களுக்கு நடுவே ஆனந்தராஜ் குப்புறக் கிடந்தான். கழுத்து திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததுமே உயிர் இல்லை என்று தெரிந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தாள். படியின் உச்சியில் அப்பா கூன் போட்டபடி நின்றிருந்தார். இரண்டு கையும் வெள்ளை மண்.

"மழ வருதும்மா. பொம்மையெல்லாம் உள்ள எடு" என்றார்.

[இங்கே, "ஆனந்தராஜின் சட்டை முதுகில் இரண்டு வெள்ளை உள்ளங்கைகள்" என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். துர்கா படித்துவிட்டு, "அப்பிடி எதுவும் நான் பாக்கலீங்க. இருந்திருந்தாலும் யாரு கவனிப்பாங்க? எங்க தெருவுல வெள்ளக்கை படாத சட்டை யாருகிட்ட இருக்குது?" என்றாள். வாக்கியத்தை அடித்துவிட்டேன். அடித்ததை அழிக்கவில்லை.]

4

எஸ்.ஐ. கோகுலகிருஷ்ணன் மரியாதையான ஆள். படியைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், அக்கம்பக்கத்தில் விசாரித்தார். பக்கத்து வீட்டு ஜைத்தூன் பீவி, "மழ வந்தா எல்லாரும் தலதெறிக்கத்தான் ஓடுவோம் சார். வழுக்கிட்டாரு பாவம்" என்றாள். பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நாற்காலி பக்கம் குனிந்தார்.

"ஐயா, நீங்க மேலதான இருந்தீங்க? மாப்பிள்ள எப்பிடி விழுந்தாரு, பாத்தீங்களா?"

கோதண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவர் வழுக்கி விழவில்லை. நான்தான் தள்ளினேன். இந்த இரண்டு கைகளால்."

துர்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஜைத்தூன் பீவி முக்காட்டுத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு எஸ்.ஐ.யின் முகம் மலர்ந்தது.

"மாடிப்படி படம்" என்றார். "எங்கப்பாரு இத சொல்லிச் சொல்லியே எங்கள வளத்தாருங்க. அடுத்து துப்பறியிறவரு ஒண்ணு கேப்பாரே, இருங்க, நான் கேக்கறேன்." தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குரலைக் கனமாக்கி, "ஏன் தள்ளினாய்?" என்றார்.

கோதண்டபாணி எழுந்தார். கூன் நிமிர்ந்தது. துர்கா சின்ன வயதில் திரையில் பார்த்ததுதான். வீட்டுக்குள் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

"சித்திரை வெயில்ல முழுக்கை ரவிக்கை போட்டுக்கினு திரியுது எம் பொண்ணு. எதை மறைக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

எஸ்.ஐ. கைதட்டினார். "எங்கப்பாரு சொன்ன மாதிரியே இருக்குதுங்க, கொஞ்சங்கூட மாறல" என்றார். கூட நின்று ஒரு செல்பி எடுத்துக்கொண்டார். துக்க வீடு என்பது பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். கால் வழுக்கி விழுந்து மரணம் என்று கேஸ் முடிந்தது.

5

துர்காவின் முழுக்கை ரவிக்கைக்குள் இருந்தவை சூளைச் சூடுகள் என்று தெருவே நம்பியது. சூளை வேலை செய்கிற எந்தப் பெண்ணின் கையில்தான் சூடு இல்லை? ஜைத்தூன் பீவி, மகன் துபாயிலிருந்து அனுப்பிய களிம்பைக் கொடுத்து, "துணி சுத்திக்கினு எடுடி" என்று திட்டவும் திட்டினாள். வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஊரை மாற்ற முடியவில்லை என்றேனே, அதற்குக் காரணம் இதுதான்.

அது சூளைச் சூடு இல்லை. ஆனந்தராஜ் சிகரெட்டால் வைத்தது. என்னிடம் சொல்லும்வரை துர்கா அதை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை.

காரியம் முடிந்த மறுநாள், பட்டறையில் உட்கார்ந்து, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, போனில் மாடிப்படி படத்தைப் பார்த்தாள். கடைசிக் காட்சியில், "ஏன் தள்ளினாய்?" என்ற கேள்விக்குச் சமையற்காரன் நிமிர்ந்து சொல்வது: "என் தம்பியை இவர் சிறைக்கு அனுப்பினார்." அவ்வளவுதான். சமையற்காரனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெண்ணும் இல்லை, ரவிக்கையும் இல்லை.

நான் விடவில்லை. வேறு படத்து வசனமாக இருக்கலாம் என்று, கிடைத்த படங்களையெல்லாம் பார்த்தேன். சென்சாரில் போன துண்டாக இருக்கலாம் என்றுகூடத் துர்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

அவளை உலுக்கிப் போட்டது அப்பா தள்ளியிருக்கலாம் என்பது இல்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான். இந்த வீட்டில் தன்னை நிமிர்ந்து பார்க்க ஆளில்லை என்று நினைத்து அவள் அத்தனை நாளும் தனியாக அழுதிருக்கிறாள். "நீ யாரும்மா?" என்று கேட்ட அதே கண், அவளுடைய ரவிக்கைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த மறதி? இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்த்துப்போகும். எழுதுகிற எனக்கும்தான்.

6

முடிவுகள்.

(அ) ஆனந்தராஜ் வழுக்கித்தான் விழுந்தான். கிழவர் ஏற்கெனவே மனதில் அழுத்திக்கொண்டிருந்த ஒன்று, பழைய வசனத்தோடு சேர்ந்து வாயில் வந்துவிட்டது. இதை எழுதினேன். எதுவும் நடக்காததுபோல் இருந்தது, கிழித்தேன்.

(ஆ) ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்.ஐ. தன் அப்பாவோடு உட்கார்ந்து மாடிப்படி படம் பார்க்கிறார். கடைசிக் காட்சி வருகிறது. டீ கிளாஸ் பாதியில் நிற்கிறது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பை [இந்த இடத்தில் நிறுத்தினேன். படித்த துர்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் தினமும் பயந்துகொண்டிருப்பது இதற்குத்தான். ஒரு படம், யாரும் எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.]

(இ) கொலைமர்மப் படம் பார்த்துப் பழகிய நீங்கள் இந்நேரம் துர்காவையே சந்தேகப்பட்டிருப்பீர்கள். நானும் பட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டும்விட்டேன். "அந்த தைரியம் இருந்திருந்தா கையில இத்தினி சூடு ஏங்க விழப்போவுது?" என்றாள். நம்பினேன்.

"அப்போ, இதை எழுதவா வேண்டாமா?" என்றேன்.

"எழுதுங்க. கதைன்னு போட்டு எழுதுங்க. அப்பா போலீசுக்கு எதிர்லயே சொன்னாரு, யாரும் நம்பல. நீங்க எழுதுனா மட்டும் நம்பிடவா போறாங்க?"

"நம்பமாட்டாங்கன்னா எதுக்கு எழுதணும்?"

"எனக்காக ஒருத்தர் கோவப்பட்டாருன்னு எங்கனா ஒரு எடத்துல இருக்கட்டுமே" என்றாள்.

7

கடைசியாக நான் பார்த்தது.

நான் ஊருக்குக் கிளம்புகிற மத்தியானம். துர்கா மாடிக்கு டீ கொண்டுவந்தாள். அரைக்கை ரவிக்கை போட்டிருந்தாள். தழும்புகள் வரிசையாக வெயிலில் தெரிந்தன. டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"அப்பா, ஏன் தள்ளினாய்னு அந்த எஸ்.ஐ. கேட்டாரே. நீ சொன்னது எந்தப் படம்ப்பா?"

கோதண்டபாணி அவள் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார்.

நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும். அது நிமிர்ந்ததா என்றால், ஒரு நொடி நிமிர்ந்த மாதிரி இருந்தது. டீ சுட்டதாலும் இருக்கலாம். துர்கா எதிரில் நின்றாள். அவர் கண்ணை அவள் பார்த்தாள். அந்தக் கண் தன்னை அடையாளம் கண்டதா இல்லையா என்பது அவளுக்குத் தெரியும். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப்போனாள். நான் கேட்கவில்லை.

இதற்கு மேல் என்னிடம் ரீல் இல்லை. இனி நீங்கள்தான் கொட்டகை. விருத்தாசலத்து வழக்கப்படி எழுந்து நின்று, "நம்மாளுதான்டா" என்று கத்துவதென்றால் கத்துங்கள். கத்துவதற்கு முன்னால் ஒருமுறை துர்காவின் கையைப் பார்த்துவிடுங்கள்.