ஸ்தோத்திரம் சொன்னவன்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கும் தேவகிருபை, மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கிக்கு ஓடிவந்தபோது அவள் கணக்கில் நாற்பத்தொரு ரூபாய் இருந்தது. காலையில் அறுபத்திரண்டாயிரம் இருந்தது. மகள் அக்சாவின் கல்லூரிக் கட்டணம் அது. சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் அக்சாவுக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

"ஓடிபி நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எம்புட்டு மெசேஜ் அனுப்புறோம்?" என்றார் அதிகாரி சூர்யபிரகாஷ்.

"படிச்சிருக்கேன் சார். தெரியாத ஆளுகிட்டச் சொல்லக் கூடாதுன்னு தெரியும்." அவள் குரல் இறங்கியது. "அவன் எடுத்ததுமே 'ஸ்தோத்திரம்மா'ன்னான்."

அவள் போகும் கிறிஸ்தவ சபையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சொல்லிக்கொள்ளும் சொல். தன்னை விசுவாசி என்று அறிந்த ஒரு பிள்ளை வங்கியில் இருக்கிறான், கணக்கு முடங்கப்போகிறதே என்று பதறிக் கூப்பிடுகிறான் என்று நம்பிவிட்டாள். தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று வெளியே வந்து, ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "கர்த்தர் ஒன்ன ஆசீர்வதிப்பார் தம்பி" என்று வாழ்த்திவிட்டுத்தான் போனை வைத்தாள்.

சூர்யபிரகாஷ் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குத் தானே பேசிப் புகாரைப் பதிந்தார்.

"மூவாயிரத்து நூறு ரூபாயை நிறுத்திட்டாங்கம்மா. மிச்சம் வேற வேற கணக்குக்குப் போயிருச்சு."

"வந்துருமா சார்?"

அவர் திரையைப் பார்த்தார். "முயற்சி பண்ணுவோம்மா."

அந்தப் பதிலின் பொருள் அவளுக்குப் புரிந்தது.

"அவனுக்கு எப்படி சார் தெரியும், நான் விசுவாசின்னு?" பணம் போனது தெரிந்ததிலிருந்து அவளை அரித்த கேள்வி அதுதான்.

அவர் ஏதோ யோசித்து, அவளுடைய எண்ணைத் தன் போனில் அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டார். இயேசுவைப் போற்றும் பாட்டொன்று மேசையெங்கும் ஒலித்தது. போன கிறிஸ்துமஸுக்கு அக்சா வைத்துக் கொடுத்த காலர் டியூன். தன்னைக் கூப்பிடுகிறவர்கள் கேட்கும் பாட்டு. தேவகிருபை அதை இதுவரை கேட்டதே இல்லை.

"இதக் கேட்டுட்டுத்தாம்மா ஸ்தோத்திரம் சொல்லியிருக்கான்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அத எடுத்துருங்க சார். எனக்கு வேண்டாம்."

வாசல் காவலர் வேலுசாமி, நெற்றி நிறைய திருநீறோடு தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

"பாட்டு என்ன தாயி பண்ணுச்சு? என் போன்ல முருகன் பாட்டு. நாளைக்கே எவனாச்சும் 'முருகா'ன்னு எனக்கும் போன் போடுவான். சாமியே வந்து கேட்டாலும் அந்த ஆறு நம்பரச் சொல்லாதீக. பாட்டு அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தண்ணீரைக் குடித்தாள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. அக்சா.

கிருஷ்ணன்கோவில் ஊரில், கல்லூரி அலுவலக வாசலில் நிற்பாள். கட்டியாச்சா அம்மா என்று கேட்பாள்.

வேலுசாமி தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காந்து பேசுங்க தாயி. நான் இங்கனதான் நிக்கேன்."

அவள் உட்கார்ந்தாள். இந்நேரம் அக்சாவின் காதில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதுவரைக்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் ஒரு வரி பாடட்டும் என்று, தேவகிருபை போனை எடுக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள்.