கர்னல் காட்டிய வரி

ஸ்ஃபாக்ஸ் நகரக் கல்லூரியில் நானும் மக்ரமும் சேர்ந்து எழுதிய முதல் லினக்ஸ் கர்னல் மாட்யூல் அது; இயங்குதளத்தின் மையத்திலேயே ஏறி ஓடும் நிரல். மெய்நிகர் கணினியில் சோதித்துப் பார் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். மக்ரம் கேட்காமல் தன் லேப்டாப்பிலேயே ஏற்றினான். திரை பிழைச் செய்தியோடு உறைந்தது. அவன் சேமிக்காத ஆய்வேடு போயே போச்சு.

"நாசமாக்கிட்டியேடா, கழுதை!"

ஹரிசா மிளகாய் விழுது தடவிய ரொட்டி தின்ற கையாலேயே என் வாயில் குத்தினான். கிழிந்த உதட்டில் காரம் திகுதிகுவென எரிந்தது.

"திரையப் பாருடா! நம்ம கோட்ல எந்த ஃபங்ஷன்ல செத்துச்சுன்னு பேரோட போட்டிருக்கு. அத எழுதினது யாரு?"

குனிந்து படித்தான். அவன் எழுதியதுதான். காது சிவந்தது. மன்னிப்புக் கேட்பான் என்று மடையன் மாதிரி நின்றேன்.

முதல் குத்தில் உதடுதான் கிழிந்தது. பல்லை எடுத்தது, படித்து முடித்தபின் விட்ட குத்து.