மூன்று பேர் இருந்தால்தான் கூட்டம்

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அருமைநாயகி கவர்னர், அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர், ஆனது பெற்றோரின் பேராதரவால்தான். போட்டியிட்டவர் அவர் ஒருவரே. அன்று முதல் கணவர் சபாரத்தினம், "கவர்னரம்மாவுக்குக் கார் வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் தரிப்பு வரை கூடவே நடப்பார்.

கவர்னர்களின் கடமைகள் கனமானவை. 1991 இலையுதிர்காலம் முழுவதும், மாணவரின் கழுத்துப்பட்டி கரும்பச்சையா, இன்னும் கொஞ்சம் கரும்பச்சையா என்று விவாதித்தார்கள். தலைவர் விட்டேக்கர் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி. எல்லோருடைய கருத்தையும் புன்னகையோடு கேட்டுவிட்டு, வீட்டிலிருந்தே கொண்டுவந்த முடிவை அறிவிப்பார். அருமைநாயகியிடம் அவர் வேண்டியது ஒன்றுதான்: வந்து இருந்தால் போதும்.

டிசம்பரில், தர்சினி என்ற பதினான்கு வயது மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்குவதா என்று தீர்மானிக்கத் தலைவரும், ஒரு கவுன்சிலரும், அருமைநாயகியும் கூடினார்கள். பாட நேரத்தில் அனுமதியின்றிப் பள்ளி வாசலைத் தாண்டிப் போனாள், அதுவும் பலமுறை. எங்கே போனாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. தாண்டியதுதானே குற்றம்.

தாய் சிவனேஸ்வரி வெளியே நடைக்கூடத்தில் காத்திருந்தார். மொழிபெயர்க்க மகளைக் கூட்டி வரலாம் என்று பள்ளி பெருந்தன்மையோடு சொல்லியிருந்தது. மகள் பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. தான் மொழிபெயர்ப்பதாக அருமைநாயகி சொல்லிப் பார்த்தார். தீர்ப்பளிப்பவர் அப்படிச் செய்வது முறையல்ல என்றார் தலைவர். ஆங்கிலம் அறியாத பெண்ணை உள்ளே அழைத்துச் சங்கடப்படுத்தாதிருப்பதே இரக்கம் என்றும் விளக்கினார்.

அவர் அறிக்கையை வாசிக்கத் தொடங்கியபோது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்தத் தாய் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. அருமைநாயகி கவர்னர்களுக்கான தேநீரை ஒரு கோப்பையில் ஊற்றி, இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேறு எண்ணம் ஏதும் அவருக்கு இல்லை.

"சூடு ஆற முந்திக் குடியுங்கோ. பிள்ளை எங்கை போறவ?"

"என்னோடைதான் அக்கா. உதவிக் காசு தாற பெனிபிட் ஒபிசுக்கு, டொக்டரிட்டை. எனக்குக் கதைக்க ஏலாது. அவ வராட்டி நான் ஊமை."

உள்ளே கூட்டம் நின்றுபோயிருந்தது. மூன்று பேர் இல்லாமல் எடுக்கும் முடிவு செல்லாது என்று, குறிப்பெடுக்க வந்திருந்த எழுத்தர் சொல்லிவிட்டார். விட்டேக்கர் வெளியே வந்தார். புன்னகை சற்றுச் சுருங்கியிருந்தது. நீங்கள் வந்து இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம், நீங்கள் இல்லாமல் முடியாது என்றார்.

தன் வாய்க்கு இல்லாத மதிப்பு தன் நாற்காலிக்கு உண்டென்று அருமைநாயகிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இந்த அம்மா தேநீரைக் குடிக்கட்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வருகிறோம். இவர் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்லுகிறேன்."

முறையல்ல என்றார் அவர் மறுபடியும். அப்படியானால் இங்கேயே இருக்கிறேன் என்றார் இவர், கோபமேயில்லாமல்.

கவுன்சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உடனே விட்டேக்கர், பெற்றோரின் குரலுக்குச் செவிகொடுப்பதே தமது நெடுங்காலக் கொள்கை என்று அறிவித்தார்.

உள்ளே வேறு நாற்காலி இல்லை. விட்டேக்கர் ஒரு கணம் தயங்கித் தம்முடையதை நகர்த்திக் கொடுத்துவிட்டு, சுவரோரமாக நின்றார். ஆண்டவன் சில மனங்களை எழுப்பி நிற்கவைத்துத்தான் திருத்துவார் போலும். தாய் சொல்லச் சொல்ல, அருமைநாயகி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். பிறகு விட்டேக்கர், இதை முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னார். அது வீட்டிலிருந்து கொண்டுவந்த வசனம் இல்லை.

திங்கட்கிழமை தர்சினி வகுப்புக்குப் போனாள். பெனிபிட் ஒபிசுக்குச் சிவனேஸ்வரியோடு கவர்னர் போனார்.