தாய்மாமன் மடி

கடைசித் தடுப்பிலிருந்து எழுந்து போன சோலைராஜ் கணினியில் பார்த்த பக்கத்தை மூடாமல் போயிருந்தான். கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் நடத்தும் முத்துகிருஷ்ணனுக்கு மற்றவர்கள் விட்டுப்போன பக்கங்களை மூடுவதே பாதி வேலை. ஆனால் இவன் மச்சினன். போன வருடம் செத்துப்போன மனைவி உமாதேவியின் தம்பி. மூடப்போன கை நின்றது.

அது ஒரு இணையக் குழு. பல நாட்டுக்காரர்கள். குழந்தைகள்மீது பெரியவர்களுக்கு வரும் இச்சையை அன்பு என்றும், அதைத் தடுக்கும் சட்டம் கொடுமை என்றும் நல்ல ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தங்களை இயக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். சோலைராஜ் அவர்களுக்குச் சான்று கொடுத்திருந்தான். எங்கள் ஊரில் அக்கா மகள் தொட்டிலில் கிடக்கும்போதே மாமன் அவளை என் பொண்டாட்டி என்பான், வீடே சிரிக்கும். என் அக்கா மகளுக்கு ஆறு வயது. அவள் அப்பாவும் சிரிக்கத்தான் செய்கிறார். கீழே பலர் பாராட்டியிருந்தார்கள். ஒருவன், ஏன் காத்திருக்கிறாய் என்று கேட்டிருந்தான்.

முத்துகிருஷ்ணன் தன் பெயரில் சேர்ந்து பதில் எழுதினான். அது கேலி. அவள் குழந்தை. நான் அவள் அப்பா. கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. வெறுப்புப் பேச்சுக்கு இங்கே இடமில்லை என்று மரியாதையாக எழுதி அவனை நீக்கியிருந்தார்கள். தளத்தை நடத்தும் கம்பெனிக்குப் புகார் அனுப்பினான். பெற்றுக்கொண்டோம் என்று இயந்திரம் சொன்னது. கூடப் படித்த வக்கீல், பிள்ளையைத் தொட்டானா என்று கேட்டான். தெரியாது என்றான். தொட்டால் வா என்றான் வக்கீல்.

நேரில் கேட்டபோது சோலைராஜ் பதறவில்லை. "அது சும்மா கருத்துத்தான் அத்தான். ஒலகம் பூரா படிச்சவிய பேசுதாவ. எழுதுனாக் குத்தமா?"

வெள்ளிக்கிழமை கயத்தாறு பக்கம் குலதெய்வக் கோவிலில் மகள் பூங்கொடிக்குக் காதுகுத்து. தாய் போனதிலிருந்து அவள் வளர்வது மாமியார் சுப்புத்தாய் வீட்டில். சோலைராஜும் இருக்கும் வீடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்ற பிள்ளையைப் பார்த்து, சம்மணமிட்டிருந்த சோலைராஜ் தொடையைத் தட்டினான்.

"வாட்டி, என் பொண்டாட்டி."

எல்லாரும் சிரித்தார்கள். பூங்கொடியும் சிரித்துக்கொண்டே ஓடினாள். முத்துகிருஷ்ணன் குறுக்கே போய் அவளைத் தூக்கிக்கொண்டான். ஊசியோடு காத்திருந்த ஆசாரி, மாமன் மடியில்லாமல் குத்துவது வழக்கமில்லை என்றார். சுப்புத்தாய்க்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏன் மருமவனே, எம்மவன் மடி ஆகாமப் போச்சோ? மவ போனதோட எல்லாம் போச்சாக்கும்?"

அவன் சொன்னான். சோலைராஜ் எங்கே, யாருக்கு, என்ன எழுதினான் என்பதைக் கூட்டத்துக்குக் கேட்கும்படி தமிழில் சொன்னான். ஆங்கிலத்தில் படித்ததைவிட அது கேவலமாக இருந்தது. மேளம் நின்றது. பிறகு சோலைராஜின் பெரிய சித்தி பாண்டியம்மாள் வாயைத் திறந்தாள்.

"மொறைக்காரன் கட்டுதேன்னு சொல்லுதது என்ன புதுசா? பொண்டாட்டி செத்ததுல இவியளுக்குப் புத்தி கலங்கிட்டு."

சிலர் சிரித்தார்கள். சோலைராஜ் மடியை விரித்தபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்தியளா அத்தான். நான் எழுதுனது பொய்யா?"

முத்துகிருஷ்ணன் பிள்ளையோடு உழுத காட்டுக்குள் இறங்கி ரோட்டைப் பார்த்து நடந்தான். முந்தின நாள் மழையில் கரிசல் செருப்பில் அப்பி ஒவ்வோர் அடியையும் பிடித்து இழுத்தது. செருப்பை அங்கேயே விட்டான். பூங்கொடி அவன் தோளுக்குமேல் இரண்டு கைகளையும் பின்னால் நீட்டி, மாமா மாமா என்று அழுதுகொண்டே வந்தாள்.