மனோங் ரோதேலியோவின் முடி

மனோங் ரோதேலியோ அமெரிக்கக் கடற்படையில் இருபது வருடம் இருந்தவர். கப்பலில் அவர் வேலை, மாலுமிகளுக்கு முடி வெட்டுவது. ஓய்வு பெற்று, அமெரிக்காவிலேயே சான் டியேகோ கிடங்கில் சில வருடம் வேலை பார்த்து, பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோவுக்குத் திரும்பியதும் ஒரே ஒரு சபதம் எடுத்தார்: இனி என் தலைமுடியை எவரும் அளக்கக் கூடாது. ஐம்பது வயதில் எங்கள் பல்கலைக்கழகத்தில் நர்சிங் சேர்ந்தபோது அவர் முடி தோளைத் தாண்டியிருந்தது. மனோங் என்றால் எங்கள் ஊரில் அண்ணன்; கல்லூரியில் எல்லாருக்கும் அவர் மனோங்தான்.

சேவை செய்தவர் என்பதால் அவர் படிப்புச் செலவை அமெரிக்க அரசு ஏற்கிறது. அதைக் கவனிக்கும் மேசை என்னுடையது. அது இயங்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை அலகு என்று கணக்கு உண்டு. பருவம் தொடங்கியதும் அவர் எத்தனை அலகு படிக்கிறார் என்று நான் அந்த அரசுக்குத் தெரிவிப்பேன். அதை வைத்து எங்களுக்குக் கட்டணம் வரும்; அவருக்கு வாடகைப் பணம் வரும். பாதிச் சுமைக்கு மேல் படித்தால்தான் வாடகைப் பணம்.

முதல் வருடம் அவர் முடியை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் வருடம் மருத்துவமனைப் பயிற்சி வந்தது, கூடவே டீன் பால்மாரெஸ் அம்மாவும் வந்தார்.

"ஆம்பளைப் பசங்க முடி காதைத் தொடக் கூடாது, காலரைத் தொடக் கூடாது. திங்கக்கிழமை வார்டு. வெட்டாதவங்க பேரை அடிச்சிடுவேன்."

"மாம், பொண்ணுங்க மாதிரி கொண்டை போட்டு வலை மாட்டிக்கிறேனே?"

"நோயாளி சிரிச்சே தையல் பிரிஞ்சிடும்யா. வெட்டிட்டு வா."

மனோங் நேராக என்னிடம் வந்தார். "மிஸ், பேரை அடிச்சா என்ன ஆகும்?"

"உங்க அலகுல பெரும்பங்கு அந்தப் பயிற்சிதான் மனோங். பாதிக்குக் கீழ போயிடுவீங்க. வாடகைப் பணம் நின்னுடும்."

"அப்ப மறுபடி சான் டியேகோ கிடங்குல பெட்டி தூக்க வேண்டியதுதான். நர்ஸ் ஆன மாதிரிதான்."

வெள்ளிக்கிழமை மாலை கல்லூரிக்குப் பின்னால், கைமித்தோ மரத்தடியில், தன் பழைய முடி வெட்டும் மின்கருவியோடு உட்கார்ந்திருந்தார். முடி வளர்த்த பையன்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் தலையும் அவர் கையில் ஒழுங்குக்கு வந்தது. அவர் முறை வந்ததும் பையன்கள் பின்வாங்கினார்கள்.

"ஐயோ மனோங், உங்க தலையில நாங்களா?" என்றான் அர்னெல்.

கருவியை நான் வாங்கினேன். அது வேலை செய்யும் விதத்தை அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேனே!

"இங்க பாருங்கடா. முன்னாடி மாட்டுற சீப்புதான் உயரத்தை முடிவு பண்ணுது. பெரிய சீப்புன்னா நீளமா நிக்கும், சின்னதுன்னா குட்டையா நிக்கும். கழுத்துலேருந்து மேல, இப்படி..."

"மிஸ்," என்றான் அர்னெல், "அந்தச் சீப்பு உங்க இடது கையில இருக்கு."

பின்மண்டை நடுவே வெறும் தோல் ஒரு சாலை போல மின்னியது. மனோங் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். சத்தம் கேட்டு டீன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிடம் கீழே வந்து கருவியை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"தள்ளு. எனக்கு மூணு தம்பிங்க. எல்லாருக்கும் நான்தான் வெட்டினேன்."

சாலையை ஒட்டி மற்றதையும் மழித்துவிட்டார். தலை உருண்டையாகப் பளபளத்தது.

"காதையும் தொடல, காலரையும் தொடல," என்றார் டீன். "பட்டம் வாங்கு. அப்புறம் இடுப்பு வரைக்கும் வளர்த்துக்கோ."

"அதுக்குள்ள வழுக்கை விழுந்துடும் மாம்!"

நான் மாடியில் என் மேசைக்கு ஓடி, அவருக்கு முழு அலகு என்று தெரிவித்தேன்.